சதாசிவத்துக்கு யார் வாக்களிப்பது?

1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக மகாதேவா சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்தார். மறு ஆண்டு, இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டொன் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைவர் அவர்தான். பிறகு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளின் தலைவராக இருந்த அந்தத் தமிழர் 1977 இல் காலமானார். இலங்கை முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியது 1982 பெப்ரவரியில். ஆகவே டெஸ்ட் சாதனைப் பட்டியல்களில் சதாசிவத்தின் பெயருக்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிப்பட்டவர்களை எந்த வழியில் நினைவில் வைப்பது? விளையாட்டு உலகம் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று ‘ஹோல் ஒஃப் ஃபேம்’ எனப்படும் புகழ் மண்டபம். ஓய்வு பெற்ற சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு கட்டடத்திலோ சுவரிலோ அவர்களுடைய பெயரையும் உருவத்தையும் நிரந்தரமாக வைப்பார்கள். கிரிக்கெட்டில் சர்வதேச கிரிக்கெட் பேரவை 2009 இல் இதைத் தொடங்கியது. முத்தையா முரளிதரன், குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன, அரவிந்த டி சில்வா ஆகிய இலங்கையர்கள் அதில் இருக்கிறார்கள். ஏற்கெனவே மண்டபத்தில் இருப்பவர்களும் ஊடகவியலாளர்களும் நிர்வாகிகளுமே அங்கே வாக்களிக்கிறார்கள். திடலின் புல்மேட்டில் வெயிலில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அதில் வாக்கு இல்லை.

எண்களை வைத்துத் தேர்ந்தெடுப்பது நியாயமானது போலத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான ஓட்டங்களும் நூற்றுக்கணக்கான விக்கெட்டுகளும் சேர வேண்டுமானால், முதலில் அத்தனை போட்டிகள் கிடைத்திருக்க வேண்டும். டெஸ்ட் தகுதி இல்லாத நாட்டில் பிறந்தவருக்கு அது கிடைக்காது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தென்னாபிரிக்காவின் பெரி ரிச்சர்ட்ஸ் நான்கே நான்கு டெஸ்டுகள் ஆடியவர். அவரது நாடு இனவெறிக் கொள்கைக்காக ஒதுக்கப்பட்டதால் ஐந்தாவது டெஸ்ட் அவருக்கு வாய்க்கவில்லை. இருந்தும் மண்டபத்தின் முதல் வரிசையிலேயே அவருக்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்தின் கவுண்டி திடல்களில் பல ஆண்டுகள் ஆடி, எழுதுகிறவர்கள் கண்முன்னாலேயே தன் திறமையைக் காட்டியவர் அவர். சதாசிவத்தைப் பார்த்தவர்களோ கொழும்பிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பேஸ்போல் இந்தக் குறையை நெடுங்காலமாகச் சந்தித்திருக்கிறது. கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் தேசியப் புகழ் மண்டபத்துக்கு 1936 இல் முதல் தேர்வு நடந்தது. பத்தாண்டு அனுபவமுள்ள பேஸ்போல் எழுத்தாளர்கள்தாம் அங்கே முதன்மை வாக்காளர்கள். நுழைய 75 சதவீத வாக்கு வேண்டும். 5 சதவீதம்கூடப் பெறாதவரின் பெயர் வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கப்படும். சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் டெட் சிமன்ஸுக்கு 1994 இல் கிடைத்தது 3.7 சதவீதம். அவர் கெட்சர், அதாவது நம் விக்கெட் காப்பாளரைப் போல முழு ஆட்டமும் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவர். அந்த உழைப்பின் நடுவிலும் 2,400க்கு மேற்பட்ட வெற்றி அடிகளைக் குவித்தவர். ஒரே வாக்கெடுப்பில் அவருடைய கதை முடித்துவைக்கப்பட்டது.

தேசிய மண்டபம் கைவிட்டவர்களை அவர்களுடைய சொந்த அணி கைவிட வேண்டியதில்லை. பல அணிகள் தமக்கென்று தனி மண்டபம் வைத்திருக்கின்றன. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் மண்டபம் 1958 இலேயே தொடங்கியது. கார்டினல்ஸ் தன் மண்டபத்தை 2014 இல் திறந்தபோது இரசிகர்களின் கையிலும் வாக்குச்சீட்டைக் கொடுத்தது. அந்த அணிக்குக் குறைந்தது மூன்று பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகளாவது கடந்திருக்க வேண்டும். முன்னாள் பயிற்றுநர்களும் விளையாட்டு எழுத்தாளர்களும் அடங்கிய குழு ஒன்று வேட்பாளர் பட்டியலைத் தயாரிக்கும். தொடக்க ஆண்டுகளில் அதிலிருந்து இருவரை இரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2015 இல் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் டெட் சிமன்ஸ். கூப்பர்ஸ்டவுன் தன் தவறைத் திருத்தி, ஒரு தனிக் குழுவின் மூலம் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்தது 2019 டிசம்பரில்தான். சென்ட் லூயிஸ் இரசிகர்கள் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டார்கள்.

இந்த முறையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி வேறொன்று. நெடுங்காலத்துக்கு முன் ஓய்வு பெற்றவர்களைக் கார்டினல்ஸ் இரசிகர் வாக்குக்கு விடுவதில்லை. அவர்களை அந்தக் குழுவே தெரிவு செய்கிறது. கேர்ட் ஃப்ளட் அப்படி 2015 இல் சேர்க்கப்பட்டவர். 1969 இல் தன்னைக் கேட்காமலே வேறு அணிக்கு மாற்றியதை அவர் ஏற்க மறுத்து, வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய், 1972 இல் தோற்றார். அந்தப் போராட்டத்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது. தாம் விரும்பும் அணியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை சில ஆண்டுகளில் மற்ற வீரர்களுக்கு வந்து சேர்ந்தது. கண்ணால் பார்த்த இரசிகர்கள் குறைந்துபோன ஒருவரை நேற்றைய நட்சத்திரத்தோடு வாக்கில் மோதவிட்டால் அவர் தோற்பது உறுதி. ஆகவேதான் அந்தத் தனி வாசல்.

கலிஃபோர்னியாவின் ‘பேஸ்போல் ரெலிக்குவரி’ என்ற அமைப்பு இன்னும் துணிந்து நடந்தது. சந்தா கட்டிய சாதாரண இரசிகர்கள்தாம் அங்கே வாக்காளர்கள். ஓட்டக் கணக்கு கட்டாயமில்லை. 1999 இல் அவர்கள் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த மூவரில் கேர்ட் ஃப்ளட் ஒருவர். அடுத்த ஆண்டு பாம் போஸ்டிமா என்ற பெண் நடுவர். 2003 இல் வலக்கை இல்லாமல் பிறந்து, இடக்கையாலேயே எறிந்து புகழ்பெற்ற ஜிம் அபட். எழுத்தாளர் குழு எதுவும் இந்தப் பெயர்களை ஒரே பட்டியலில் சேர்த்திருக்காது என்பது என் எண்ணம்.

இரசிகர்களிடம் முழுப் பொறுப்பையும் விட்டுவிடலாமா? கூடாது. 1957 இல் அமெரிக்க நட்சத்திர ஆட்டத்துக்கான தேர்தலில் சின்சினாட்டி மக்கள் உள்ளூர்ச் செய்தித்தாளில் அச்சான வாக்குச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாக நிரப்பி அனுப்பினார்கள். எட்டு இடங்களில் ஏழு சின்சினாட்டி வீரர்களுக்கே போனது. பேஸ்போல் ஆணையாளர் ஃபோர்ட் ஃப்ரிக் அவர்களில் இருவரை நீக்கிவிட்டு வில்லி மேய்ஸையும் ஹாங்க் ஏரனையும் சேர்த்தார். 1970 வரை இரசிகர்களுக்கு அந்த வாக்கு திரும்பக் கிடைக்கவில்லை. ஊர்ப்பற்று கெட்டதல்ல. அதற்கு வரம்பு கட்டாமல் விட்டதுதான் தவறு.

நம் பக்கத்தில் அணிக்கென்று மண்டபம் வைத்த முன்மாதிரி பெங்களூரில் இருக்கிறது. ரோயல் செலஞ்சர்ஸ் கிரிக்கெட் அணி 2022 இல் ஏபி டி வில்லியர்ஸையும் கிறிஸ் கெயிலையும் முதலில் சேர்த்தது. 2024 இல் வினய் குமார் வந்தார். வெளிநாட்டு நட்சத்திரங்களுக்குப் பிறகு தாவணகெரேயில் பிறந்த ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கொடுத்தது நல்ல தெரிவு. ஆனால் அந்தத் தெரிவைச் செய்தது அணி நிர்வாகம்.

மாத்தளை மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. இங்குள்ள சீகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரில், பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்துபோனவர்கள் ஓவியப் பெண்களைப் பற்றித் தம் கருத்தைச் செய்யுளாகக் கீறி வைத்தார்கள். செனரத் பரணவிதான அவற்றில் 685 ஐப் படித்து 1956 இல் வெளியிட்டார். பிக்குகள், படைவீரர்கள், பெண்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். சிலர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். கோட்டையைக் கட்டிய காசியப்பனைப் பற்றி வரலாற்று நூல் எழுதியவர்கள் விகாரையைச் சேர்ந்தவர்கள். ஓவியத்தைப் பற்றிய தீர்ப்பை விட்டுச்சென்றவர்களோ பார்க்க வந்தவர்கள், அந்த வேலைக்கு யாரும் நியமிக்காதவர்கள். அவர்களுடைய தீர்ப்பு இன்று அறிஞர்களுக்குப் பெரிய சொத்து.

அந்தக் குன்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தூரத்தில் ரங்கிரி தம்புள்ளை சர்வதேச கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2001 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே முதல் சர்வதேச ஒருநாள் போட்டி நடந்தது. 2024 ஜூலை 28 அன்று இலங்கைப் பெண்கள் அணி அங்கேதான் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்று முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. இலங்கை அணிக்கு இரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் புகழ்ச்சுவர் ஒன்று எழும்புமானால் அது இந்த மைதானத்தில் எழும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழும்பில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்களுக்குத் தம்புள்ளை வழியில் இருக்கிற ஊர்.

வேட்பாளர்களுக்குப் பஞ்சமில்லை. அனுர தென்னக்கோன் 1975, 1979 உலகக் கிண்ணங்களில் தலைவர். 1975 இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஜெஃப் தொம்சனின் பந்துகள் துலிப் மெண்டிஸையும் சுனில் வெத்தமுனியையும் மருத்துவமனைக்கு அனுப்பிய நாளில், 328 என்ற அவுஸ்திரேலிய எண்ணிக்கையைத் துரத்திய இலங்கை 276 வரை போனது. அன்று மைக்கல் திசேரா 52, தென்னக்கோன் 48. அந்த இருவருமே ஒரு டெஸ்டும் ஆடவில்லை. திசேராவின் தலைமையில்தான் 1965 ஜனவரியில் இலங்கை அகமதாபாத்தில் இந்தியாவை வென்றது. அதற்குப் பெயர் ‘அதிகாரபூர்வமற்ற டெஸ்ட்’.

டெஸ்ட் தகுதி வந்த பிறகும் மறக்கப்பட்டவர்கள் உண்டு. வேகப்பந்து வீச்சாளர் வினோதன் ஜோன் 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் ஆறு டெஸ்டுகளில் 28 விக்கெட்டுகளை 21.92 என்ற சராசரியில் எடுத்தார். இன்று எந்த அணித் தலைவரும் கேட்டு வாங்கும் சராசரி அது. ஆறோடு நின்றுபோனதால் எந்த எண் வரம்பையும் அவரால் தாண்ட முடியாது. இலங்கைப் பெண்கள் ஆடிய ஒரே டெஸ்ட் 1998 இல் கொழும்பில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்தது. அதில் சமனி செனவிரத்ன சதம் அடித்தார், இலங்கை 309 ஓட்டங்களால் வென்றது. அதன்பின் அவர்களுக்கு டெஸ்டே தரப்படவில்லை என்பதால் அந்தச் சதம் தனியாக நிற்கிறது.

தேர்தல் விதிகளைக் கார்டினல்ஸிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வேட்பாளர் பட்டியலை ஒரு குழு தயாரிக்கட்டும். அந்தக் குழுவில் பழைய வீரர்களும் ஓட்டப் பதிவாளர்களும் மூன்று மொழிப் பத்திரிகைகளின் விளையாட்டு எழுத்தாளர்களும் இருக்கட்டும். ஒவ்வொரு பெயரோடும் அவர் என்ன செய்தார் என்பதைப் பத்து வரியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டும், ஏனென்றால் பெயரை மட்டும் கொடுத்தால் வாக்கு விளம்பரத்தில் பார்த்த முகத்துக்கே போகும். ஒருவருக்கு ஒரே வாக்குச்சீட்டு, அதில் இரண்டு பெயர். சர்வதேச மண்டபத்தில் ஏற்கெனவே இடம் பெற்றவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது, அவர்களுக்கு இந்தச் சுவர் தேவையில்லை. 1982க்கு முன் ஆடியவர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் இடத்தைக் குழுவே ஒதுக்க வேண்டும். பெண்களுக்கும் கட்டாயம் ஓர் இடம்.

ஒரு வேலை மட்டும் தேர்தல் வரை காத்திருக்க முடியாது. 1948 இல் பத்து வயதில் கொழும்பு ஓவலில் சதாசிவத்தைப் பார்த்த பிள்ளைக்கு இன்று 85க்கு மேல் வயது. அவர் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். அதை எந்தக் குழுவும் அமையுமுன்பே ஒரு பேரப்பிள்ளை செய்துவிடலாம்.