இரு சூரியோதயப் பயணம்

தூரம் தெரிந்தால் பயணநேரமும் தெரிந்துவிடும் என்றே எம் மாணவர் எண்ணுவர். 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்து பழைய வான்வழி அறுந்தபின், 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் நம் கொக்கலை வாவிக்குமிடையே, நீரில் இறங்கவல்ல கற்றலீனா விமானங்கள் இடையில் தரிக்காது பறந்தன. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரளவு. கணக்கோ 28 மணித்தியாலம் என்றது. காற்றோ அதனை ஒருநாள் 27 ஆக்கிற்று, மற்றொருநாள் 32 இற்கும் மேலாக்கிற்று. யப்பானியர் அறியாதிருக்க வானொலி மௌனம் காத்து, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். எரிபொருட் பாரம் மிகுதியாதலின் மூவருக்கு மேல் பயணிகளை ஏற்றவில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயங் கண்ட அவர்களுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது; பரீட்சை எழுதாமற் பெற்ற சான்றிதழ்! இன்றைய ஜெட் விமானம் அத்தூரத்தை ஏறத்தாழ ஏழு மணித்தியாலத்திற் கடக்கும். எதிர்காற்று வீசினால் அதற்கும் தாமதமே.