யாழ்ப்பாணத்தில் ஐம்பத்துமூன்று ஆண்டுகள்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செல்வோர் அருகிலுள்ள துறைமுகத்தையும் பார்த்திருப்பர். இத்துறைமுகத்தில், 1816 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஐந்து மாதக் கடற்பயணத்தால் களைத்த அமெரிக்க மிஷனரிமார் சிலர் தத்தம் மனைவியருடன் வந்திறங்கினர். அவர்களை அன்புடன் வரவேற்றவர் அன்றைய ஆங்கிலத் தேசாதிபதி பிரவுன்ரிக். சில மாதங்களைக் கொழும்பிற் கழித்த பின்னர் வடக்கே யாழ்ப்பாணத்துக்குச் சென்று, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தார்கள். போர்த்துக்கீசர் கட்டி, காலப்போக்கிற் கூரையிழந்து நின்ற பழைய தேவாலயங்களும் அவற்றை அடுத்த பாழ்மனைகளுமே அவர்களுக்குக் கிடைத்த உறைவிடங்கள். இடிந்த சுவர்களின்மேல் பனையோலை வேய்ந்துகொண்டு வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

அவர்களை அடுத்து வந்த கூட்டத்தில் ஒரு தம்பதியர் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம். லீவை ஸ்பால்டிங், மேரி ஸ்பால்டிங் என்பன அவர்களுடைய பெயர்கள். இருவரும் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் நாட்டவர். வின்ஸ்லோ, ஸ்கடர், உட்வர்ட் ஆகிய மூவரும் மனைவியருடன் இவர்களோடு சேர்ந்து, 1819 ஜூனில் பாஸ்டன் நகரிற் கப்பலேறினர். 1820 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள்.

நல்ல வேளையாக அப்பொழுது வந்து சேர்ந்தார்கள் என்றே சொல்லவேண்டும். அவ்வாண்டிலேயே பிரவுன்ரிக் தாயகம் திரும்ப, பதில் தேசாதிபதியாக அமர்ந்தார் பார்ன்ஸ். அவருக்கு அமெரிக்கர் வருகை பிடிக்கவில்லை. சில மாதங்களின் பின்னர் காரெட் என்னும் அச்சுத்தொழிலாளர் வந்தபோது, நாட்டை விட்டுப் போகுமாறு கட்டளை பிறந்தது. பாவம், அவர் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. அவருக்காக வந்த அச்சியந்திரம் நல்லூரிலிருந்த ஆங்கில மிஷனாரின் கைக்குச் சென்றது. இருக்கிறவர்கள் இருக்கலாம், புதிதாக ஒருவரும் வரலாகாது என்பதே அரசின் முடிவு. பதின்மூன்று ஆண்டுகள், 1833 வரை, இத்தடை நீடித்தது. ஒருவர் நோயுற்றால் அவரிடத்தை நிரப்ப மற்றொருவர் இல்லை. ஊருக்குக் கடிதம் எழுதினாலோ, போய்ச் சேர்ந்து பதில் வருவதற்கு ஓராண்டு கழிந்துவிடும். வந்த நாட்டையே சொந்த நாடாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

லீவை துரை இதற்குக் கண்ட வழி தமிழ். உபதேசியாரின் துணையோடு பேசும் பாதிரியார்கள் பலர் இருந்த காலத்தில், அவர் ஊரவருடைய வாய்மொழியையும் பண்டிதருடைய நூன்மொழியையும் ஒருங்கே பயின்றார். இதன் பயனாகப் பின்னாளில் ஓர் அரிய வேலை அவர் கைக்கு வந்தது. தமிழ்ச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கிய நைற் பாதிரியார் இறந்துவிட, அந்த ஏட்டுக் குவியலைப் பொறுப்பேற்றவர் ஸ்பால்டிங். சந்திரசேகர பண்டிதரின் உழைப்பும் சேர, 1842 இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. ஏறக்குறைய 58,500 சொற்களைக் கொண்டது. அதை அச்சிட்டது மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகம். தடை நீங்கியபின் நல்லூர் அச்சியந்திரமும் அமெரிக்கரிடமே திரும்பி வந்திருந்தது. அகராதி என்றால் துரையின் பெயரை மாத்திரம் சொல்லிப் பண்டிதரை மறந்துவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு, அது நன்றன்று.

மேரி அம்மையாரின் பணி வேறு வகையானது. பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. பிறர் வீட்டில், அதிலும் வெள்ளைக்காரர் வீட்டில், உண்பது சாதியை இழப்பதற்குச் சமானம். உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரிடம் தையலும் எழுத்தும் கற்க வந்த சிறுமியர் இருவர், அடைமழையால் வீடு திரும்ப இயலாமல் ஓரிரவு அங்கேயே தங்கி உண்டனர் என்றும், அதன்மேல் தயக்கம் தளர்ந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. எவ்வாறாயினும், 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை எழுந்தது.

அதற்கு ஹரியற் அம்மையார் கொடுத்த விலை பெரிது. மிஷனரிமார் தம் பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பிரிந்திருப்பது அக்காலத்து வழமை. அப்படி அனுப்பப்பட்ட அவருடைய மகன் சார்ல்ஸ் 1832 இல் நியூயோர்க்கில் இறந்தான். அடுத்த சனவரியில் தாயும் உடுவிலிற் காலமானார். அதுவரை பிற ஊர்களிற் பணிபுரிந்த ஸ்பால்டிங் தம்பதியர் அவ்வாண்டில் உடுவிலுக்கு வந்து பாடசாலையை ஏற்றனர். 1840 இல் எலிசா அக்னியு என்னும் அம்மையார் வந்து, நாற்பது ஆண்டுகள் அளவில் அங்கேயே கற்பித்தார்.

இம்மூவரும் செய்தவை அனைத்தும் குறையற்றவை என்று நாம் சொல்லவரவில்லை. மாணவருக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அன்றிருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்ற பெயர்கள் அவ்வாறு வந்தவையே. படித்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்து, கிறிஸ்தவ வாலிபருக்கு மணமுடித்தும் வைத்தது. கல்விக்கு மதத்தை விலையாகக் கேட்பதா என்று சைவர் சினந்தது இயல்பே. அச்சினத்துக்குச் சிறந்த உருவங் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், மிஷனாரின் பாடசாலை முறையையும் அச்சியந்திரத்தையும் அவர்களுக்கு எதிராகவே வலிமையுடன் கையாண்டார். இரு தரத்தாரின் போட்டியால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாடசாலைகளோ பல.

ஸ்பால்டிங் தம்பதியர் இடையில் ஒரே முறை, 1840களின் நடுவில், தாயகம் சென்றார்கள். வயதில் ஐம்பதைக் கடந்த துரை அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார். ஆயினும் திரும்பிவந்தார்கள். உடன் கப்பலேறிய நண்பர்களுள் உட்வர்ட் முன்னரே இறந்திருந்தார்; வின்ஸ்லோவும் ஸ்கடரும் தமிழகம் சென்றிருந்தனர். பழைய கூட்டத்தில் யாழ்ப்பாணத்திலே எஞ்சியவர்கள் இவர்களே. புதிதாக வந்த இளம் மிஷனரிமாருக்குத் தமிழிலும் ஊர் வழக்கங்களிலும் வழிகாட்டும் முதியோராக அவர்கள் விளங்கினர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் குடும்பங்களுட் சிலவற்றில், உடுவிலிற் படித்த பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்தோர் இன்றும் இருப்பர். 2024 இல் அப்பாடசாலைக்கு இருநூறு ஆண்டு நிறைந்தது.

லீவை துரை 1873 ஜூனில் காலமானார். மேரி அம்மையார் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரும் கண்மூடினார்.