நூல் ஒன்று, படிப்பு வேறு

தோட்டத்து மக்களுக்குச் செம்பனைக் குலையைப் பற்றி ஒரு வாத்தியார் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் 1980களில் மலேசியாவில் சில செம்பனை மரங்களில் காய்த்த குலைகள், அனுபவசாலிகளையே திகைக்க வைத்தன. பழம் பழமாக இல்லை. ஒவ்வொரு பழத்தையும் சுற்றி விரல் விரலாகச் சதை முளைத்து, போர்வை போர்த்தினாற்போல் மூடியிருந்தது. பல காய்கள் பழுக்காமலே வீணாயின. எண்ணெயும் குறைவு.

அவை ஏதோ மட்ட ரகக் கன்றுகள் அல்ல. நல்ல காய்ப்புள்ள தாய்மரத்தின் திசுவை எடுத்து, பரிசோதனைக் கூடத்தில் வளர்த்து உண்டாக்கியவை. அச்சில் வார்த்ததுபோல் தாயை ஒத்திருக்க வேண்டும். ஆனால் ஒரே தாயின் கன்றுகளில் சில நன்றாகக் காய்த்தன, சில இப்படிக் கெட்டன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. கெட்ட மரங்களில் சில, ஆண்டுகள் சென்றபின் தாமாகவே நல்ல பழம் தரத் தொடங்கின! பரம்பரையின் எழுத்தே பிழையாகியிருந்தால் அது தானாகத் திருந்துமா?

இதைப் புரிந்துகொள்ள உயிரணுவின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். நம் உடம்பையே எடுத்துக்கொள்வோம். கண்ணில் உள்ள உயிரணுவிலும் கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். தமிழில் ‘நூல்’ என்றால் இழையும் ஆகும், புத்தகமும் ஆகும். டி.என்.ஏ.வுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். ஒரே நூலைக் கண் ஒரு விதமாகவும், கல்லீரல் வேறு விதமாகவும் படிக்கின்றன. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடி வைப்பது என்று அவற்றுக்குச் சொல்வது யார்?

ஒரு மனித உயிரணுவில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வீட்டில் தையல் நூலை உருளையில் சுற்றி வைப்பதுபோல, இந்த இழை ஹிஸ்டோன் என்னும் புரதத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தது ஓர் உருளை. அதன்மேல் 147 எழுத்து இணைகள் நீளமுள்ள இழை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும்.

ஹிஸ்டோனை 1884ல் கண்டறிந்தவர் ஆல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மானியர். பறவையின் சிவப்பு ரத்த அணுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பின்னர் 1910ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் ஹிஸ்டோனை நெடுங்காலம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நூல் சுற்ற ஒரு கட்டை, அவ்வளவுதான் என்றிருந்தார்கள்.

1964ல் நியூயார்க்கில் ராக்கபெல்லர் நிலையத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஆல்ஃபிரேயும் அவருடைய சகாக்களும் வேறு விதமாகச் சொன்னார்கள். அசெட்டைல், மெத்தைல் என்னும் சின்னஞ்சிறு வேதிப்பொருள்கள் ஹிஸ்டோனில் வந்து ஒட்டுகின்றன, டி.என்.ஏ. படிக்கப்படுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

எப்படி என்று பாருங்கள். உருளையிலிருந்து ஹிஸ்டோனின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் உள்ள லைசின் என்னும் பகுதிக்கு நேர் மின்னேற்றம். டி.என்.ஏ.வுக்கோ எதிர் மின்னேற்றம். ஆகவே இரண்டும் இறுக ஒட்டிக்கொள்ளும். அசெட்டைல் வந்து லைசினில் அமர்ந்தால் அந்த மின்னேற்றம் அடங்கிவிடும். பிடி தளரும், படிக்கும் நொதிகள் உள்ளே நுழைய வழி கிடைக்கும். மெத்தைலின் போக்கு வேறு. அது மின்னேற்றத்தைத் தொடுவதில்லை, அடையாளக் குறியாக மட்டும் நிற்கிறது. எச்-3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4ஆம் இடத்து லைசினில் அது இருந்தால், பெரும்பாலும் ‘இங்கே படி’ என்று பொருள். 9ஆம் இடத்திலோ 27ஆம் இடத்திலோ இருந்தால் ‘மூடி வை’ என்று பொருள். ‘க’ என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உள்ளிருக்கும் அகரம் அடங்கிவிடுகிறதல்லவா? கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

ஆல்ஃபிரேயின் கருத்துக்கு உறுதியான சான்று கிடைக்க 32 ஆண்டுகள் ஆயின. 1996ல் அமெரிக்கரான டேவிட் ஆலிஸ், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றையணு உயிரிலிருந்து, அசெட்டைலை ஒட்டும் நொதியைப் பிடித்தார். ஈஸ்டில் மரபணுக்களை இயங்கச் செய்வதாக முன்பே அறியப்பட்டிருந்த ஒரு புரதத்தின் சாயலில் அது இருந்தது! ஆகவே, குறி இடுவதும் மரபணுவைத் திறப்பதும் ஒரே வேலை என்று தெளிவாயிற்று. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழு, அசெட்டைலை நீக்கும் நொதியைக் கண்டறிந்தது. எழுதுகோல் ஒருவர் கையில், ரப்பர் அழிப்பான் இன்னொருவர் கையில். அந்த அழிப்பானைத் தடுக்கும் மருந்து ஒன்று, தோலைப் பாதிக்கும் ஒருவகைப் புற்றுநோய்க்கு 2006ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி நம் செம்பனைக்கு வருவோம். ஹிஸ்டோனில் மட்டுமின்றி, டி.என்.ஏ. இழையின் மேலேயே மெத்தைல் ஒட்டுவதும் உண்டு. தாவரங்களில் இந்த இருவகைக் குறிகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. செம்பனையில் கெட்டது இழையின் மேலிருந்த குறி. 2015ல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். பூவின் உறுப்புகளை உருவாக்கும் ஒரு மரபணுவுக்குள், இடம்விட்டு இடம் தாவும் இனத்தைச் சேர்ந்த ஒரு டி.என்.ஏ. துண்டு குந்தியிருக்கிறது. மெத்தைல் குறி அதன்மேல் அடர்ந்திருக்கும்வரை அது வாயைத் திறப்பதில்லை. திசு வளர்ப்பில் அந்தக் குறி உதிர்ந்துபோன கன்றுகளில், மரபணு பாதியிலேயே தவறாக வாசிக்கப்பட்டு, பூ உருமாறிப் போகிறது. எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. குறிதான் போயிற்று. சில மரங்கள் தாமாகத் திருந்தியதும் இனிப் புதிரல்ல.

நெல்லில் முதலில் அறியப்பட்ட இந்த வகைத் துண்டுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? கர்மா! குறி உள்ளது நல்ல கர்மா, குறி இழந்தது கெட்ட கர்மா என்றே அந்த ஆய்வில் எழுதினார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

செம்பனை நட்டு முதல் குலை காண ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம், உரம், ஆள்கூலி எல்லாம் போட்டபின்தான் மரம் கெட்டது என்று தெரியவரும். இப்போதோ, நாற்றாக இருக்கும்போதே இலையில் ஒரு சிறு வட்டத்தை வெட்டியெடுத்து, அந்தக் குறி இருக்கிறதா என்று சோதித்துவிட முடியும்.