ஆமை வீடு திரும்பவில்லை

கீரமங்கலம் பூ மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் பேப்பர் கைமாறிக்கொண்டிருந்தது. ஏ.ஐ. வாத்தியார் வந்துவிட்டாராம், இனி டியூஷன் செலவு மிச்சமாம். "அப்ப ஐநூறு ரூபாய்க்கு கம்ப்யூட்டர்னாங்களே, அது எங்க போச்சு?" என்றார் தேங்காய் வியாபாரி ஒருவர்.

அவர் ஞாபகம் சரிதான். 10 டாலரில் மடிக்கணினி என்று 2009 தொடக்கத்தில் ஊரெல்லாம் பேச்சு. பிப்ரவரி 3 அன்று திருப்பதியில் திரையை விலக்கினால், அது மடிக்கணினியே இல்லை. தகவல் சேமிக்கிற ஒரு பெட்டி. 2011 அக்டோபரில் ஆகாஷ் டேப்லெட் வந்தது. விரலை வைத்து அழுத்தினால்தான் அதன் திரைக்கு உறைக்கும்.

இந்தப் பரபரப்பைக் கண்டு சலித்தவர்கள் பழைய காலத்துக்கு ஓடிவிடுகிறார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் போவதுபோலக் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போன காலம். மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் 1984 வாக்கில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோ. நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படமே அதில் அடங்காது. அதை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அடுத்து உருவாக்கியதுதான் 1985இன் ஆர்ம் சிப். பூக்கடைக்காரர் கையிலுள்ள செல்போனுக்குள் இருப்பது அதன் வம்சம்.

ஆனால் அந்தக் காலத்துக் கல்வி விளையாட்டெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் வாய்ப்பாடுதான். சரியாகச் சொன்னால் ஒரு பொம்மை குதிக்கும். நிலைத்து நின்றது லோகோவின் ஆமை. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய கணினி மொழி லோகோ. 'இத்தனை அடி முன்னே போ, இவ்வளவு திரும்பு' என்றால் திரையில் ஆமை கோடு இழுத்துக்கொண்டே நகரும்.

அக்கா மகன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. வயதாகிவிட்டது, வயரை உருவினால் அணைந்துவிடும். பைத்தான் மொழியில் இன்றும் அந்த ஆமை உண்டு. அக்கா மகளிடம் முக்கோணம் போடச் சொன்னேன். முக்கோணத்தின் கோணம் 60 என்று புத்தகத்தில் படித்தவள், 100 போ, 60 திரும்பு என்று மூன்று முறை கொடுத்தாள். அறுகோணத்தில் பாதியைப் போட்டுவிட்டு ஆமை நின்றது.

"மாமா, ஆமை வீட்டுக்கு வரலை."

தோப்புக்குப் போனோம். கஜா புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளுக்கு நடுவே, ஒரே நீளத்தில் மூன்று தென்னை மட்டைகளை முக்கோணமாகப் போட்டு, அதன்மேல் நடக்கச் சொன்னேன். மூலையில் நின்றாள். நேராகப் போகவேண்டியவள் எவ்வளவு திரும்பினால் அடுத்த மட்டையில் கால் வைக்கலாம்? உடம்பை முக்கால்வாசி பின்பக்கம் திருப்பவேண்டியிருந்தது. 60 என்பது முக்கோணத்துக்கு உள்ளே இருக்கும் கோணம். நடப்பவர் திரும்புவது 180இல் 60 போக மீதி, 120. வீட்டுக்கு ஓடிப்போய் மாற்றினாள். ஆமை கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

ஏ.ஐ.யிடம் கேட்டிருந்தால் 120 என்று நொடியில் வந்திருக்கும். ஆமை விடை சொல்லாது. சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா நிற்கும். தப்பு எங்கே என்று தேடுகிற வேலை பிள்ளையுடையது. அந்த வேலையைப் பறித்துக்கொள்கிற கருவிக்கு வாத்தியார் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

லோகோவின் வாரிசுதான் 2007இல் எம்ஐடி வெளியிட்ட ஸ்கிராட்ச். ஆமைக்குப் பதில் பூனை. இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். நம் அரசுப் பாடநூலில், 10ஆம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடமாக அது இருக்கிறது. பொதுத்தேர்வு அவசரத்தில் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஆசிரியர்களே.