கிளைவ் சீமாட்டியும் திப்புவின் கூடாரமும்

சங்கரன்கோவில் வாசகர்கள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தைக் கண்டிருப்பீர்கள். 1799-இல் அது நிகழ்ந்தபோது சென்னைக் கவர்னராயிருந்தவர் எட்வர்ட் கிளைவ். இராபர்ட் கிளைவின் மைந்தர். இவருடைய துணைவி ஹென்ரியெட்டா, போவிஸ் பிரபுவின் மகள்.

திப்பு சுல்தான் ஷஹீதான மறு ஆண்டிலேயே, 1800-இல், இச்சீமாட்டி தம் இரு புதல்வியருடன் ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சை, தரங்கம்பாடி எனச் சுற்றி வந்தார். பயணக் குறிப்பு எழுதிய இளைய மகள் சார்லட்டுக்கு அப்போது வயது பன்னிரண்டு! பின்னாளில் இளவரசி விக்டோரியாவை வளர்த்துப் பயிற்றும் பொறுப்பை ஏற்றவர் இவரே. ‘கிளைவியா’ மலரும் இவர் குடும்பப் பெயரையே தாங்கி நிற்கிறது.

திப்புவின் பூவேலைக் கூடாரம் வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையை அடைந்தது. அக்குடும்பத்தார் அதனைத் தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாக விரித்தனர். எத்தகைய கூடாரம், எதற்குப் பயன்பட்டது பாருங்கள்! சுல்தானின் மக்களோ வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தனர்.