மாடியில் சோலார்: 78,000 ரூபாய் மானியத்துக்காக 3 கிலோவாட் போடலாமா?

"மாடியில் சோலார் போட்டால் 25 வருஷத்துக்குக் கரன்ட் பில் கவலையே இல்லை என்கிறார்கள். 78,000 ரூபாய் மானியமும் உண்டாம். போடலாமா சார்?"

உழவர் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் சரி, கிராம சபைக்குப் போனாலும் சரி, உரக் கேள்வி முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நம் இதழுக்கு வரும் கடிதங்களிலும் இதே கேள்விதான். போடலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. மண் பரிசோதனை அட்டையைப் பார்க்காமல் உரம் சிபாரிசு செய்வது எப்படித் தவறோ, அப்படித்தான் இதுவும். இங்கே பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு ஈ.பி. கார்டை.

விலையைப் பூட்டுவது என்றால் என்ன?

தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கரன்ட் கொடுப்பது மின்வாரியம் ஒன்றுதான். கட்டணத்தை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 'இத்தனை வருஷத்துக்கு இதே விலை' என்று மின்வாரியத்தோடு நாம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழியில்லை. 2022 செப்டம்பரில் கட்டணம் கூடியது. விலைவாசிக்குத் தக்கபடி ஒவ்வொரு ஜூலையிலும் உயர்த்தவும் அந்த ஆணையிலேயே இடம் வைத்தார்கள். 2023, 2025 ஆகிய இரண்டு வருஷங்களிலும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ல் 4.83 சதவீதம் கூடியது.

சோலார் போடுவது, இனி வரப்போகிற வருஷங்களுக்கு வேண்டிய கரன்ட்டை இன்றைய விலையில் மொத்தமாக வாங்கிப் போடுவது போன்றது. அறுவடைச் சமயத்தில் வருஷத்துக்கு வேண்டிய வைக்கோலை வாங்கிப் போர் போடுகிறோம் அல்லவா, அதே கணக்கு. கோடையில் வைக்கோல் விலை ஏறினாலும் நமக்குக் கவலை இல்லை. ஆனால், ஒரு மாடு வைத்திருப்பவர் மூன்று மாட்டுக்கு வைக்கோல் வாங்கினால், மிச்சம் மட்கித்தான் போகும்.

எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை

நம் மாநிலத்தில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். கணக்குப் புரிவதற்காக 2022-ம் ஆண்டு விலையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 ரூபாய். 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய் படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாம் 4.50 ரூபாய். 401 முதல் 500 வரை 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், 601 முதல் 800 வரை 9 ரூபாய்.

சோலார் தருகிற கரன்ட் உங்கள் கணக்கில் மேல் படியிலிருந்துதான் கழியும். 9 ரூபாய் யூனிட்டும் 8 ரூபாய் யூனிட்டும் முதலில் போகும். கடைசியாகக் கழிவது 2.25 ரூபாய் யூனிட். அதற்கும் கீழே இருப்பது இலவச யூனிட். இலவசமாக வருவதற்குப் பதிலாகக் காசு போட்டு உற்பத்தி செய்வதில் லாபம் இல்லை.

நான்கு வீடுகளின் கணக்கு

ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் கூடாது.

ஒரு கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய் விலை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக நம் கைக்காசு 40,000.

* 180 யூனிட் ஓடும் வீடு: இரண்டு மாதப் பில் 180 ரூபாய். சோலார் போட்டால் பில் இல்லை. வருஷத்துக்கு மிச்சம் 1,080 ரூபாய். போட்ட முதலை எடுக்க 37 வருஷம்.
* 300 யூனிட் ஓடும் வீடு: பில் 675 ரூபாய். சோலாருக்குப் பிறகு பில் இல்லை. வருஷ மிச்சம் 4,050 ரூபாய். முதல் திரும்ப ஏறக்குறைய 10 வருஷம்.
* 480 யூனிட் ஓடும் வீடு: பில் 1,605 ரூபாய். சோலாருக்குப் பிறகு 405 ரூபாய். வருஷ மிச்சம் 7,200 ரூபாய். ஐந்தரை வருஷம்.
* 620 யூனிட் ஓடும் வீடு: பில் 2,930 ரூபாய். சோலாருக்குப் பிறகு 1,035 ரூபாய். வருஷ மிச்சம் 11,370 ரூபாய். மூன்றரை வருஷம்.

பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால், இன்வெர்ட்டரை இடையில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வீட்டுக்குச் சோலார் வேண்டவே வேண்டாம். இரண்டாவது வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போட வேண்டாம். கையில் சும்மா கிடக்கும் பணம் இருந்தால் யோசிக்கலாம். மூன்றாவது, நான்காவது வீட்டுக்காரர்கள் தாராளமாகப் போடலாம்.

மூன்றாவது கிலோவாட்டில்தான் சிக்கல்

விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் 3 கிலோவாட்டைத்தான் சொல்வார்கள். "முழு மானியத்தை ஏன் விடுகிறீர்கள்?" என்பார்கள். 620 யூனிட் வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதல் கிலோவாட் வருஷத்துக்கு 11,370 ரூபாய் மிச்சம் தருகிறது. இரண்டாவது கிலோவாட் போட்டால் பில் 1,035-லிருந்து 90 ரூபாயாகக் குறையும். வருஷத்துக்கு 5,670 ரூபாய் மிச்சம். கூடுதல் விலை 60,000 என்றால், மானியம் போக 30,000. ஐந்தரை வருஷத்துக்குள் வந்துவிடும். இதுவும் சரிதான்.

மூன்றாவது கிலோவாட்? மிச்சம் இருக்கும் 90 ரூபாய் பில்தான் போகும். வருஷத்துக்கு 540 ரூபாய். அதற்கு நாம் போடுவது, மானியம் போக 42,000 ரூபாய். முதலை எடுக்க 77 வருஷத்துக்கு மேல் ஆகும்.

மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் '1,12,000 ரூபாய் முதல், வருஷத்துக்கு 17,580 ரூபாய் மிச்சம், ஆறரை வருஷத்தில் முதல் திரும்பும்' என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதல் கிலோவாட்டின் லாபம் மூன்றாவதின் நஷ்டத்தை மறைத்துவிடுகிறது. 18,000 ரூபாய் மானியத்துக்கு ஆசைப்பட்டு 42,000 ரூபாயை மாடியில் முடக்குகிறோம். சிறு விவசாயிக்கு அந்தப் பணம் ஒரு கறவை மாட்டுக்கோ, அடுத்த பட்டத்துச் சாகுபடிச் செலவுக்கோ ஆகும்.

வீட்டில் ஏ.சி. வாங்கப் போகிறீர்கள், சமையலைக் கரன்ட் அடுப்புக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது மூன்றாவதும் பயன்படும். வருஷக் கடைசியில் மிஞ்சும் யூனிட்டை விற்று வருமானம் பார்க்கலாம் என்று மட்டும் கணக்கு எழுதாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன்

கைக்காசே வேண்டாம், பேனல் எங்களுடையது, 20, 25 வருஷத்துக்கு யூனிட் இன்ன விலை என்று எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்பதும் உண்டு. அந்த விலையை உங்கள் கார்டில் இருக்கும் மேல் படி விலையோடு ஒப்பிடுங்கள். வருஷா வருஷம் விலை ஏற்றும் ஷரத்து உள்ளதா, பழுதுக்கு யார் பொறுப்பு, வீட்டைப் பாகம் பிரித்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்.

பிரிட்டனில் ஓராண்டு, இரண்டாண்டுக்கு ஒரே விலை என்று வீடுகளோடு ஒப்பந்தம் போடும் மின் கம்பெனிகள் பல உண்டு. 2021-ல் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடப்பட்டன. அவற்றின் வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டார்கள். பழைய விலை அவர்களோடு போகவில்லை. ஒப்பந்த விலை, எழுதிக் கொடுத்தவர் தொழிலில் நிற்கும் வரைதான். உத்தரவாத அட்டைக்கும் இது பொருந்தும். அதனால் பக்கத்து ஊர்களில் போட்டுக் கொடுத்து, பழுது பார்க்கவும் வருகிற, திட்டத்தில் பதிவு பெற்ற விற்பனையாளரையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். பேனலைத் தூசி போகக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படிவு கட்டும். காலை வேளையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

வாசகர் கேள்விகள்

*கரன்ட் போனால் சோலாரில் லைட் எரியுமா?*
எரியாது. மின்வாரிய லைனோடு சேர்ந்த சோலார், லைன் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. மின்வெட்டுக்காகத்தான் சோலார் என்றால் பேட்டரி தனியாக வேண்டும். அதன் விலையும், சில வருஷங்களில் மாற்றும் செலவும் சேரும்.

*ஈ.பி. இணைப்பு காலமான அப்பா பெயரில் இருக்கிறது. மானியம் கிடைக்குமா?*
முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதன் பிறகு விண்ணப்பியுங்கள். சோலார் போட்டு, மின்வாரிய ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

*வயல் மோட்டாருக்கு இந்த மானியத்தில் போடலாமா?*
முடியாது. இது வீட்டு இணைப்புக்கு மட்டும். சோலார் பம்ப்செட்டுக்குப் 'பி.எம். குசும்' திட்டம் தனியாக இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். இலவச விவசாய மின் இணைப்பு ஏற்கெனவே உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம்.

*எங்கள் கார்டில் ஒரு தடவை 350, ஒரு தடவை 560 என்று வருகிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?*
கடைசி ஆறு பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாத உற்பத்தியான 240-ஐக் கழித்து, இப்போதைய கட்டணப்படி மிச்சத்தைத் தனித்தனியாகப் போடுங்கள். ஆறையும் கூட்டினால் வருஷ மிச்சம். கைக்காசை அதனால் வகுத்தால் எத்தனை வருஷம் என்று தெரியும். ஏழு வருஷத்துக்குள் வந்தால் போடலாம். பத்தைத் தாண்டினால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.