மாற்றல் உத்தரவும் மக்கள் நலனும்

மாற்றல் உத்தரவு வந்தால் வீடு படும் பாட்டை ரயில்வே உத்தியோகத்திலிருக்கும் நாம் நன்கறிவோம். போலீஸ் அதிகாரியின் மாற்றலோ ஊராரையும் பாதிப்பது. நம் புகாரை விசாரித்து வந்தவர் திடீரெனப் போய்விட்டால், புதியவரிடம் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறதன்றோ? நேர்மையாளரை விரட்டவும் மாற்றல் ஒரு கருவியாகலாம்.

இதைத் தடுக்கவே, 2006-ஆம் ஆண்டில் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், போலீஸ் நிலையத் தலைமை அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம் வேண்டுமெனக் கட்டளையிட்டது. நாம் குடியேறி வாழும் மகாராஷ்டிரம், தனது 1951-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தை 2014-இல் திருத்தி, இன்ஸ்பெக்டருக்கு ஒரு நிலையத்தில் 2 ஆண்டும், கான்ஸ்டபிளுக்கு ஓரிடத்தில் 5 ஆண்டும் சாதாரணக் காலமென வகுத்தது. பொதுநலன் கருதி முன்னரே மாற்றவும் அச்சட்டம் இடந்தருகிறது. அவ்விலக்கே வழக்கமாகிவிட்டால் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும்.

ஆகவே, புகார் கொடுக்கும் அன்பர்கள் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவார்களாக. அதனை இலவசமாகப் பெறுவது நம் உரிமை. அதிகாரி மாறினாலும் எழுத்து மாறாது.